மெருகும் மெழுகும்



மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. அலுவலகக் கோப்புகளோடு அது நின்றுவிடுவதில்லை. கடைத்தெருவுக்குப் போனாலும், அங்கே அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்களின் மேலும் புட்டிகளின் மேலும் அச்சிட்டிருக்கும் ஆங்கிலச் சொற்களையும் இந்திச் சொற்களையும் மனத்துக்குள்ளே தமிழாக்கிப் பார்த்துக்கொண்டுதான் நடப்போம். அப்படிப்பட்ட நாங்களே, ஒரு சிறு டப்பாவின் மேலிருந்த ஒரே ஒரு சொல்லை ஊன்றிக் கவனியாமல், பல ஆண்டுகள் பணம் சேர்த்து வாங்கிய காரின் நிறத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நகைத்தாலும் குற்றமில்லை. அந்தத் தவற்றினால் கற்றதையும், பிறகு விசாரித்தும் படித்தும் கையால் செய்து பார்த்தும் அறிந்ததையும் இன்று சொல்லப் போகிறோம். காருக்குப் பூசும் மெழுகைப் பற்றியது நம் பேச்சு. டப்பாவில் பசையாக வருவதை வாங்குவதா, புட்டியில் நீர்மமாக வருவதை வாங்குவதா, வாங்கியதை எவ்வாறு பூசுவது என்பனவே விஷயம்.

தில்லியில் அரசாங்கக் குடியிருப்பில் வசிப்பவர்களுக்குக் காருக்கென்று கொட்டகை கிடைப்பது அரிது. எங்கள் வண்டியும் கீழே ஒரு வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. சிறிய வண்டி, சிவப்பு நிறம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வாங்கப்பட்ட கார் அதுவே. வாங்கிய மாதத்தில் எங்கள் தந்தையார் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து வந்திருந்தார். வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிப் பார்த்து, "மெழுகின திண்ணை மாதிரி இருக்கிறது" என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்து நாங்கள் கேட்டதில்லை.

அந்த வழவழப்பு குறையாமல் காப்பாற்ற வேண்டுமென்ற ஆவலில், கடைக்குப் போய் ஒரு டப்பா வாங்கினோம். 'வாக்ஸ் பாலிஷ்' என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். பளபளப்பைக் குறித்த சொற்கள் டப்பாவின் மேல் பெரிய எழுத்திலும், 'பாலிஷ்' என்ற சொல் சிறிய எழுத்திலும் அச்சிடப்பட்டிருந்தன. 'வாக்ஸ்' என்ற சொல் டப்பாவில் எங்குமே இல்லை என்பதைப் பிற்பாடுதான் கண்டோம். ஞாயிறுதோறும் காலையில் ஆளுக்கொரு துணியுடன் இறங்கித் தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கப் பளபளத்தது. பக்கத்து வீட்டார் பாராட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. மூன்றாம் ஆண்டுக் கோடையில், பானெட்டின் முன் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெண்மையாக ஏதோ பூத்தது. பழைய பூச்சு சரியாகத் துடைபடாமல் தங்கிவிட்டது என்று எண்ணி, அந்த இடத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தோம்.

கடைசியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அங்கே வண்ணம் அடிக்கும் முதியவர் (இத்தகைய கைவினைஞர்களை வடக்கே 'உஸ்தாத்' என்று மரியாதையாக அழைப்பது வழக்கம்) விரல் நகத்தால் அந்த விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். "பாதியை வெயில் தின்றது, சாஹிப், மீதியை நீங்கள் தின்றீர்கள்" என்றார். இனி எதைப் பூசினாலும் அது திரும்பாது, மறுபடி வண்ணம் அடிப்பது ஒன்றே வழி என்று சொல்லி அதற்கான தொகையையும் சொன்னார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்த பணத்தை ஒத்த தொகை அது. பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினோம்.

எங்கே தவறினோம் என்பதை அறியத் தமிழே போதுமானதாக இருந்தது என்பதுதான் வேடிக்கை. மெருகு என்றும் மெழுகு என்றும் நம்மிடம் இரண்டு சொற்கள் உள்ளன. ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. செய்கையோ நேர் எதிரானது. மெருகிடுதல் என்பது தேய்த்து ஒளி ஏற்றுதல். பொற்கொல்லர் நகைக்கு மெருகிடும்போது பொன் இம்மியளவேனும் குறைந்தே தீரும். நகைக்கடையில் சேதாரம் என்று எழுதும் கணக்கில் அந்தக் குறைவும் ஒரு பகுதி. மெழுகுதல் அப்படியன்று. திண்ணையைச் சாணத்தால் மெழுகும்போது திண்ணை தேய்வதில்லை. அதன் மேல் ஒரு மென்படலம் ஏறுகிறது. நாளடைவில் தேய்வது அந்தப் படலமே; மறுபடி மெழுகிக்கொள்ளலாம். கார்க் கடையில் 'பாலிஷ்' என்பது மெருகு. 'ரப்பிங் காம்பவுண்ட்' என்பது அதற்கும் முரடான மெருகு. 'வாக்ஸ்' என்பது மெழுகு. முதல் இரண்டுக்கும் சேதாரம் உண்டு, மூன்றாவதற்கு இல்லை. நாங்கள் மெழுகுவதாக எண்ணிக்கொண்டு இரண்டு ஆண்டுகள் மெருகிட்டோம்.

இந்தச் சேதாரம் ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். பழைய கார்களில் அது தெரிந்தது. அம்பாசடர் வண்டி 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை நம் நாட்டுச் சாலைகளில் எத்தனை தலைமுறைகள் ஓடிற்று என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்துப் பழைய வண்டிகளில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அமைந்திருந்தன. பாலிஷ் போட்டால் துணியில் வண்டியின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். கறுப்பு வண்டியென்றால் துணி கறுக்கும். ஓட்டுநர் அதைக் கண்டு கையை நிறுத்திக்கொள்வார். இக்காலத்து வண்டிகளில் நிறப்பூச்சின் மேல் கண்ணாடி போன்று நிறமற்ற ஒரு மேற்பூச்சு இருக்கிறது. 'கிளியர் கோட்' என்பார்கள். பளபளப்பெல்லாம் அதனுடையது, வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காப்பதும் அதுவே. அது தேயும்போது துணியில் எந்த நிறமும் வராது. ஆகையால் இழப்பது தெரியாமலே இழக்கிறோம்.

அந்த மேற்பூச்சின் கனத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு மில்லிமீட்டரை 1,000 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான். காரின் தகட்டின் மேலுள்ள பூச்சுகள் யாவற்றையும் சேர்த்தாலே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேற்பூச்சுக்கு உரியது 40, 50 மைக்ரான். மயிரிழையைவிட மெல்லிய ஒன்றைத்தான் ஞாயிறுதோறும் தேய்த்துக்கொண்டிருந்தோம். விளிம்புகளில் பூச்சு இயல்பாகவே இன்னும் மெல்லியது. துணியோ அங்கேதான் அதிகம் அழுந்துகிறது. முதலில் வெளுத்தது விளிம்பு என்பதன் காரணம் இதுவே.

இனி மெழுகுக்கு வருவோம். நல்ல கார் மெழுகுகளில் பெயர் பெற்றது கார்னோபா மெழுகு. இது ஒரு பனையிலிருந்து கிடைக்கிறது. பிரேசில் நாட்டின் வடகிழக்கே, சியாரா, பியாவி முதலிய வறண்ட மாநிலங்களில் வளரும் மரம் அது. நம் பனை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓலையும் அவ்வாறே விசிறியாக விரிந்தது. நீண்ட கோடையில் ஓலையிலுள்ள ஈரம் ஆவியாகிப் போய்விடாதபடி, மரம் தன் ஓலையின் மேல் தானே மெழுகைச் சுரந்து பூசிக்கொள்கிறது. ஓலைகளை வெட்டி வெயிலில் உலர்த்தித் தட்டினால் மெழுகு பொடியாக உதிரும். அதை உருக்கி வடிகட்டுகிறார்கள். இளங்குருத்து ஓலையில் கிடைக்கும் மஞ்சள் நிற மெழுகே உயர்ந்த தரம். மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் மேலே பளபளப்பாகப் பூசியிருப்பதும் பல சமயங்களில் இதுதான். தேன்மெழுகு 62 முதல் 65 பாகைச் சூட்டில் உருகிவிடும். கார்னோபா உருகுவதற்கு 82 பாகைக்கு மேல் வேண்டும். மே மாதத்தில் தில்லியிலோ நாக்பூரிலோ வெயிலில் நிற்கும் கறுப்பு வண்டியின் கூரை 70 பாகையைத் தாண்டிச் சுடும் என்பதை நினைத்தால், இந்த வேறுபாட்டின் அருமை விளங்கும்.

ஆனால், கார்னோபா தனித்திருக்கும்போது கல்லைப்போல் கடினமானது. அதை அப்படியே எவராலும் பூச முடியாது. எனவே அதைக் கரைப்பானில் இளக்கி, மென்மையான வேறு மெழுகுகளையும் எண்ணெய்களையும் சேர்த்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். 'நூற்றுக்கு நூறு கார்னோபா' என்று சில டப்பாக்களின் மேல் காண்கிறோமே, அதற்கு டப்பா முழுவதும் கார்னோபா என்று பொருள் கொள்ளலாகாது. உள்ளே இருக்கும் கார்னோபா கலப்பற்றது என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்க முடியும். விளம்பரங்களை மொழிபெயர்ப்பவர்கள் இத்தகைய இடங்களில் சற்று நின்று நிதானிப்பது நல்லது.

பசைக்கும் நீர்மத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த இளக்கத்தில்தான் இருக்கிறது. பசையில் கரைப்பான் குறைவு, மெழுகு மிகுதி. நீர்ம மெழுகில், மோரில் வெண்ணெய்த் துகள்கள் மிதப்பதுபோல், மெழுகு நுண்துளிகளாக நீரில் கலந்திருக்கும். எளிதில் வழுக்கிப் பரவுவதற்காகச் சிலிக்கோன் எண்ணெயும் சேர்ப்பார்கள். பூசி, கரைப்பானும் நீரும் ஆவியானபின் வண்டியின் மேல் தங்குவது இரண்டிலும் ஒரே மாதிரியான மென்படலமே. பசை என்றால் உயர்ந்தது, நீர்மம் என்றால் போலி என்று சிலர் அடித்துப் பேசுவதை நாங்கள் ஏற்பதில்லை. பசைக்கு உழைப்பு அதிகம், ஆயினும் ஒரு சிறு டப்பா பல ஆண்டுகளுக்கு வரும், விரலால் அளந்து எடுக்கலாம், வீணாவதில்லை. நீர்மம் விரைவில் பரவும். பெரிய வண்டிக்கும், தோள்வலி உள்ளவர்களுக்கும் ஏற்றது. ஆனால் புட்டியைக் கவிழ்த்தால் வேண்டியதற்கு மேல் கொட்டும்.

நீர்மத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை மட்டும் முக்கியமானது. 'கிளீனர் வாக்ஸ்' என்ற பெயரில் வருபவற்றில் மெழுகோடு மெருகுத்தூளும் கலந்திருக்கலாம். அழுக்கையும் நீக்கி மெழுகையும் பூசுவது ஒரே வேலையில் முடிகிறதே என்று அதை வாங்கத் தோன்றும். நிறம் மங்கிய பழைய வண்டிக்கு ஆண்டுக்கொருமுறை பூசினால் கெடுதல் இல்லை. புதிய வண்டிக்கு மாதந்தோறும் பூசினால் எங்கள் கதைதான். ஆகையால் டப்பாவின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். கீறல்களை நீக்கும், மங்கலைப் போக்கும் என்று எழுதியிருந்தால் அதில் மெருகு இருக்கிறது என்று கொள்ளலாம். கீறலை மெழுகு நீக்காது. சற்று நிரப்பி மறைக்கும், அவ்வளவே.

செயற்கைப் பொருள்களால் ஆன 'சீலண்ட்' வகைகள் கார்னோபாவைவிட நெடுநாள் நிற்கும்; அவற்றைப் பூசும் முறையும் ஏறக்குறைய இதுவே. 'செராமிக்' என்று கூறி ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு கடைகளில் பூசித் தருவது வேறு வகை. அதை இன்று தொடவில்லை. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் வண்டியைத் துடைக்கும் பழக்கமும் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அரை மணி நேரம் பளபளக்கும். அதன்பின் தெருப்புழுதி முழுவதும் அதில் ஒட்டும். அதைக் கைவிடுவதே நலம்.

பூசுவதைவிடப் பூசுவதற்கு முன் செய்வதே பெரிய வேலை. வட இந்தியக் குடியிருப்புகளில் வைகறையில் ஒருவர் ஒரு வாளியும் ஒரு துணியுமாக வந்து, இருபது வண்டிகளை வரிசையாகத் துடைத்துவிட்டுப் போவதை நேயர்கள் அறிவீர்கள். முதல் வண்டியின் புழுதி இருபதாம் வண்டி வரை அதே துணியில் பயணம் செய்கிறது. அந்தப் புழுதியில் பெரும்பகுதி நுண்மணல். மேற்பூச்சைக் கீறும் அளவுக்கு அது கடினமானது. வெயிலில் சாய்ந்து பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரிவது இதனால்தான். இதற்கு அவரைக் குறை கூறுவது நியாயமன்று. மாதத்துக்குச் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு துணியையும் தவிர வேறெதையும் நாம் அவருக்குத் தந்ததில்லை. நாங்கள் எங்கள் வண்டிக்கென்று இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளை அவரிடம் கொடுத்து, முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்கிவிட்டுப் பிறகு துடைக்கும்படி கேட்டுக்கொண்டோம். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். துணிகளைத் துவைத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

மெழுகு பூசும் நாளில் நாமே கழுவுவது உத்தமம். இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர். மற்றொன்றில் துணியை அலசுவதற்கு வெறும் நீர். துணி வண்டியைத் தொட்டுவிட்டு ஷாம்பு வாளிக்குத் திரும்புமுன் அலசும் வாளியில் முழுகி எழ வேண்டும். கூரையிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். சக்கரங்களும் கதவுகளின் அடிப்பாகமும் கடைசி. கழுவிய பின் மெல்லிய பாலிதீன் பையில் கையை நுழைத்துக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். கைக்குத் தெரியாத சொரசொரப்புப் பைக்குத் தெரியும். தார்த்துளி, மரப்பிசின், தொழிற்சாலைத் தூசு முதலியவை பூச்சில் ஒட்டியிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். 'கிளே பார்' என்று கேட்டால் கார்க் கடைகளில் களிமண் போன்ற ஒரு கட்டி கிடைக்கும். ஷாம்பு நீரைத் தெளித்துக்கொண்டு அதை அழுத்தாமல் வழுக்கி இழுத்தால் இவை கட்டியோடு வந்துவிடும். கட்டி கைதவறித் தரையில் விழுந்தால், ஐயோ பாவம் என்று எடுத்து மறுபடி உபயோகிக்க வேண்டாம். தரையின் மணலெல்லாம் அதில் பதிந்திருக்கும்.

தண்ணீரைப் பற்றியும் இரண்டு சொல். 2024 மார்ச்சில் பெங்களூருவில் தண்ணீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது, குடிநீரால் வண்டி கழுவக்கூடாதென்று அங்குள்ள குடிநீர் வாரியம் தடை விதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதமும் அறிவித்தது. குழாயை நீட்டிக் கழுவ வேண்டிய அவசியம் உண்மையில் இல்லை. மெழுகிட்ட வண்டியில் அழுக்கு இறுக ஒட்டாது. இரண்டு வாளிகளே போதும். வீட்டுக் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழித்து வெளியேற்றும் நீரைச் சேர்த்து வைத்து வண்டிக்கு ஊற்றுவோர் உண்டு. சிக்கனம் பாராட்டத்தக்கது, ஆனால் அந்த நீரில் உப்பு மிகுதி. உலர விட்டால் வெள்ளை வட்டங்கள் படியும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல நீரை வைத்துக்கொண்டு, உடனே ஒற்றித் துடைத்துவிட வேண்டும். ஆழ்குழாய் நீருக்கும் இதே விதி.

இப்போது பூசலாம். வண்டி நிழலில் நிற்க வேண்டும். தகடு குளிர்ந்திருக்க வேண்டும். புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு தெரிந்தால் காத்திருங்கள். சூட்டில் கரைப்பான் கணத்தில் ஆவியாகி, மெழுகு திட்டுத்திட்டாக இறுகிவிடும். அதைத் துடைக்க எடுக்கும் முயற்சியில் பூச்சைத்தான் கீறுவோம். கோடையில் காலை 7 மணிக்குள் தொடங்கிவிடுவது வசதி. தில்லிக் குளிர்காலத்தில் அதற்கு மாறாக, பனி ஈரம் உலர்ந்து வண்டி நன்றாகக் காய்ந்தபின் 11 மணிக்குமேல் தொடங்க வேண்டும். மும்பையிலும் சென்னையிலும் காற்றிலேயே ஈரம் அதிகமாதலால் மெழுகு காய்வதற்குக் கூடுதல் நேரம் ஆகும். அங்குள்ளவர்கள் பொறுமையைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பசை மெழுகென்றால், டப்பாவோடு வரும் ஸ்பாஞ்சு வில்லையை நனைத்து ஒட்டப் பிழிந்து, மெழுகின் மேல் ஒருமுறை லேசாகத் திருப்பி எடுத்தால் போதும். பானெட்டின் பாதிக்கு அது வரும். வட்டமாகப் பூசுவதா, நேராகப் பூசுவதா என்று பெரிய வாதங்கள் நடக்கின்றன. வில்லை சுத்தமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். கவனிக்க வேண்டியது கனம். கட்டியாகப் பூசினால் கட்டியான காவல் கிடைக்குமென்று எண்ணுவது இயல்பு. சாணத்தை அப்பி மெழுகினால் வெடித்து உதிர்ந்துவிடும் என்பதை எங்கள் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதுவும் அப்படியே. தகட்டோடு ஒட்டி நிற்பது மெல்லிய படலம் ஒன்றே. மிச்சமெல்லாம் துணியில் வந்துவிடும். பூசியது தெரிகிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் சரியான அளவு என்று அறியலாம்.

நீர்மமென்றால் முதலில் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். அடியில் படிந்த மெழுகு அடியிலேயே இருந்துவிட்டால் நாம் பூசுவது வெறும் எண்ணெய் நீர்தான். வண்டியின் மேல் நேரே ஊற்றாமல் வில்லையின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு விட்டுக்கொண்டு பரப்ப வேண்டும். மற்றபடி முறை ஒன்றே.

சற்று நேரத்தில் மெழுகு புகைபடிந்தாற்போல் வெளுக்கும். எப்போது துடைப்பது? சுட்டுவிரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவாகப் பளிச்சென்று விழுந்தால் காய்ந்தது, இழுகினால் காயவில்லை. ஒரு பகுதி முடிந்தபின் அடுத்த பகுதிக்குச் செல்வது தொடக்கத்தில் நல்லது. துடைப்பதற்குச் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியை நான்காக மடித்துக்கொண்டால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் அடைந்தவுடன் அடுத்ததைத் திருப்பலாம். பழைய வேட்டித் துணி போதாதா என்று கேட்பவர்களுக்கு: வேட்டியில் குற்றமில்லை, அதன் மடித்துத் தைத்த ஓரத்தில் இருக்கிறது குற்றம், அது கீறும். பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரிலும் மெழுகு பட்டால் வெள்ளையாகப் படிந்து எளிதில் போகாது. காகித நாடாவால் அவற்றை முன்னமே மறைத்துவிடுவது உத்தமம். முன்கண்ணாடிக்கு மெழுகு கூடாது. வைப்பர் ஓடும்போது இழுகி, இரவில் எதிர்வரும் விளக்கொளி பரந்து கண்ணை மறைக்கும். புதிதாக வண்ணம் அடித்த பகுதிக்கும் உடனே பூசலாகாது. வண்ணத்திலுள்ள கரைப்பான் வெளியேற ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை விட வேண்டும். கரைப்பான் தீப்பற்றக்கூடியதாதலால் டப்பாவை அடுப்பங்கரையிலும் பூஜை விளக்கருகிலும் வைக்க வேண்டாம்.

அடுத்து எப்போது பூசுவது என்பதை நாட்காட்டியைக் கேட்பதைவிடத் தண்ணீரைக் கேட்பது மேல். மெழுகு இருக்கும்வரை தெளித்த நீர் தாமரை இலைமேல் நிற்பதுபோல் முத்துமுத்தாகத் திரளும். நீர் திரளாமல் தட்டையாகப் பரவத் தொடங்கினால் மெழுகு கழிந்துவிட்டது. திறந்த வெளியில் நிற்கும் எங்கள் வண்டியில் கார்னோபா இரண்டு மாதம் நிற்கிறது. மே, ஜூனில் அதுவும் இல்லை. பானெட்டும் கூரையும்தான் வெயிலை நேரே தாங்குபவை. ஆகையால் அவற்றுக்குப் பசையை இரண்டு மெல்லிய பூச்சாக, இடையே சில மணி நேரம் விட்டுப் பூசுகிறோம்; கதவுகளுக்கு நீர்மத்தை ஒருமுறை பூசி முடித்துவிடுகிறோம். ஒரு டப்பாவும் ஒரு புட்டியும் வைத்துக்கொண்டு நாங்கள் கண்ட சமரசம் இது.

மெழுகு இருக்கிறதென்ற நம்பிக்கையில் பறவை எச்சத்தை விட்டுவைக்கக் கூடாது. அதிலுள்ள அமிலம் வெயிலின் சூட்டோடு சேர்ந்து மேற்பூச்சை அரித்துவிடும்; மெழுகு நமக்கு வாங்கித் தருவது சில மணி நேர அவகாசமே. நனைந்த துணியை அதன்மேல் சற்று நேரம் போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும், சுரண்டலாகாது. ஆனி, ஆடியில் தில்லியின் நாவல் மரத்தடியில் வண்டியை நிறுத்துவோர் நாவற்பழக் கறைக்கும் இதையே செய்யலாம். தில்லிச் சாலைகளில் நாவல் மரத்துக்குக் குறைவில்லை.

சென்ற கார்த்திகையில் எங்கள் தந்தையார் மறுபடி வந்திருந்தார். ஞாயிறு நண்பகல் வெயில் இதமாக இருந்தது. நாங்கள் வண்டியைக் கழுவி வேப்பமர நிழலில் நிறுத்தியபோது, தாமும் ஒரு கை பார்ப்பதாகச் சொல்லி ஸ்பாஞ்சு வில்லையை வாங்கிக்கொண்டார். சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பூசுவதைவிட மெல்லியதாகவே பூசினார். பானெட்டின் முன் விளிம்புக்கு வந்ததும் அவர் கை நின்றது. வெளுத்திருந்த இடத்தை விரலால் தொட்டு, "இங்கேயும் பூசலாமா?" என்று கேட்டார். வேண்டாம், உரிந்த ஓரங்களில் மெழுகு புகுந்து இன்னும் வெள்ளையாகத் தெரியும் என்றோம். தலையை அசைத்துவிட்டு, அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அப்பால் பூசத் தொடங்கினார். பட்டறை உஸ்தாதிடம் தை மாதத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.